கோல் கொடுத்தவர்

எங்கள் ஊர்க் கழகத்துக்கு ஒரு வெளிநாட்டு உதைபந்தாட்டக்காரர் வந்து சேர்ந்தது, தொலைபேசியில் ஒரு சொல்லை மாமா தன் ஆசைக்கு ஏற்றபடி கேட்டுக்கொண்டதால்தான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் எழுதுவினைஞர். ஆனால் யாராவது அவருடைய வேலையைக் கேட்டால் கழகத்தின் செயலாளர் என்றுதான் சொல்வார்.

அப்பா அப்போது கத்தாரில் இருந்தார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரருக்கு ஒரு தம்பி. அந்தத் தம்பி நாடு நாடாகப் போய்ப் பந்து விளையாடியே சீவிக்கிறவர் என்பதும், மாலைதீவில் அவருடைய ஒப்பந்தம் முடியப்போகிறது என்பதும் வெள்ளிக்கிழமைதோறும் வரும் அப்பாவின் அழைப்பு ஒன்றில் தெரியவந்தன.

"மச்சான், அவர் நிறையக் கோல் குடுத்தவராம்" என்றார் அப்பா.

அப்பாவுக்கு உதைபந்தாட்டம் பற்றி ஒன்றும் தெரியாது. நண்பர் சொன்னதை அப்படியே சொன்னார். மாமாவின் காதில் அது "போட்டவராம்" என்று விழுந்தது. அடுத்த கிழமையே பேருந்து நிலையத்துக்கு எதிரே பதாகை ஏறிவிட்டது: 'ஆசியாவின் கோல் மன்னன் திருகோணமலையில்.'

கோல் மன்னனின் பெயர் ஜோமார். ஆள் கட்டை. கொழும்பிலிருந்து வந்த பேருந்தில் இருந்து அவர் இறங்கியபோது, அவருக்குப் பின்னால் இன்னும் யாராவது இறங்குவார்களா என்று மாமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

லிங்கநகரில் எங்கள் வீட்டு மேல் அறையை மாமா அவருக்கு ஒழுங்கு செய்திருந்தார். "இது வீடோ ஹோட்டலோ?" என்று அம்மா முதல் நாள் கேட்டார். அன்றிரவே ஜோமார் அம்மாவின் தேங்காய்ப்பால் சொதிக்குள் வினாகிரியை ஊற்றிச் சாப்பிட்டதைக் கண்டு இன்னும் நொந்துபோனார். ஆனால் அவர் மூன்றாவது முறையும் சோறு கேட்டதும் அம்மாவின் மனம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு வினாகிரிப் போத்தலை அம்மாவே மேசையில் கொண்டுவந்து வைப்பார். "தம்பி, சாப்பிட வாங்கோ" என்று மாடிப்படியில் நின்று கூப்பிடுவார். 'தம்பி' என்றால் 'இங்கே வா' என்று அர்த்தம் என ஜோமார் நினைத்துக்கொண்டார். அவரைத் திருத்த யாருக்கும் மனம் வரவில்லை.

மாமாவின் ஆங்கிலம் அலுவலகக் கடிதங்களுக்கு உரியது. "தங்களது பசி தொடர்பாக அறியத்தரவும்" என்கிற மாதிரித்தான் அவரால் கேட்க முடிந்தது. நான் தொலைக்காட்சிக் கார்ட்டூன்களில் ஆங்கிலம் படித்தவள். ஆகவே மொழிபெயர்ப்பாளர் பதவி எனக்கு வந்து சேர்ந்தது.

முதல் ஆட்டத்தில் அவரை முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார்கள். அவர் பந்தை எடுப்பார், பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுப்பார், மெல்ல மெல்லப் பின்னுக்கு வந்துவிடுவார். கோல் இல்லை. இரண்டாவது ஆட்டத்திலும் அதே கதை. அவரை ஜப்பான்காரர் என்று நினைத்து முதலில் அன்பாக "ஜப்பான், ஜப்பான்" என்று கத்திய சனம், பிறகு அதே பெயரை வேறு தொனியில் கத்தத் தொடங்கியது. கழகத்து ஆட்கள் கூடினார்கள். அடுத்ததாகக் கிண்ணியா அணியோடு ஆட்டம். அதிலும் சரிவராவிட்டால் அவரை ஊருக்கு அனுப்பிவிடுவதென்று முடிவானது. அந்த முடிவை அவருக்குச் சொல்லும் வேலையும் என்னிடம்தான் வந்தது. சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இடியப்பத்தை எடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் நீங்கள் கோல் போடுகிறீர்கள் இல்லை?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். சொதிச் சட்டியை எங்கள் கோல் கம்பம் ஆக்கினார். வெங்காயத் துண்டுகளை ஆட்களாக அடுக்கினார். ஒரு செத்தல் மிளகாயை எடுத்துச் சட்டிக்கு முன்னால், இடப்பக்க ஓரத்தில் வைத்தார். அது தன் இடம் என்றார். தன்னைத் தாண்டி ஒருவரையும் போகவிடாமல் பார்ப்பது தன் வேலை. வழி கிடைத்தால் கோட்டோரமாக ஓடிப்போய் முன்னால் நிற்பவருக்குப் பந்தைக் கொடுப்பது மிச்ச வேலை. மொங்கோலியாவில் பனிக்குள் நின்றும் அதைத்தான் செய்தாராம், கம்போடியாவில் வெள்ளம் நின்ற மைதானத்திலும் அதைத்தான் செய்தாராம். மாலைதீவில் பந்து கடலில் விழுந்தால் படகில் போய் எடுத்துவருவார்களாம். தன் வாழ்க்கையில் தான் போட்ட கோல்கள் மிகவும் குறைவு என்பதால், ஒவ்வொன்றும் எந்த ஊரில், என்ன காலநிலையில் விழுந்தது என்று நினைவிருக்கிறது என்றார்.

"அப்படியென்றால் ஏன் முதலே சொல்லவில்லை?"

"நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பேன். வந்தவன் இடம் கேட்கக்கூடாது" என்றார்.

நான் ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். மாமா கதிரையில் இருந்துவிட்டார்.

"பின்வரிசையோ?"

"ஓம் மாமா. இடப்பக்கம்."

"பிள்ளை, இதை ஒருத்தருக்கும் சொல்லாத."

அடுத்த நாள் கழகத்தாரிடம் போய், கிண்ணியாவை ஏமாற்றத் தன்னிடம் ஒரு தந்திரம் இருப்பதாக மாமா அறிவித்தார். "கோல் மன்னனைக் கொண்டுபோய்ப் பின்னுக்கு ஒளிக்கிறதோ?" என்று ஒருவர் கேட்டார். "அதுதானே தந்திரம்" என்றார் மாமா.

இனி முன்னுக்கு நிற்க ஆள் வேண்டும். ஜோமார் வந்ததும் இடத்தை இழந்தவர் இறக்கக்கண்டியில் மீன் பிடிக்கிற ஒரு நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். நல்ல உயரம். அவர் அன்றைக்கே பயிற்சிக்கு வருவதை விட்டிருந்தார். மாமா என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். நானா கரையில் வலை உதறிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டும் நிறுத்தவில்லை.

"இப்ப ஏன் வந்தீங்க?"

"முன்னுக்கு ஆள் இல்ல தம்பி."

"வெளிநாட்டார்?"

"அவர் பின்னுக்கு நிக்கப் போறார்."

"பின்னுக்கு நிக்கவா அவ்வளவு தூரத்தில இருந்து வந்தவர்?"

மாமா என்னை முன்னுக்குத் தள்ளினார். "ஓம் நானா, அது அவர்ட வேலை. பந்தை உங்கட தலைக்குக் கொண்டுவந்து தருவார்" என்றேன். நானா வலையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "தலைக்கா?" என்றார். அந்தச் சொல்தான் அவரைப் பிடித்தது.

ஆட்டத்தன்று கிண்ணியாச் சனம் லொறிகளில் பாலம் கடந்து வந்தது. ஊருக்குள் எப்போதும் திரிகிற மான்களை மைதானத்திலிருந்து விரட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினார்கள். கிண்ணியாவில் மிக வேகமாக ஓடுகிற பெடியன் ஜோமாரின் பக்கமாக வந்தான். ஜோமார் இடிக்கவுமில்லை, விழுத்தவுமில்லை. மேசையில் மறந்து வைத்த பேனாவை எடுப்பது போல அவன் காலிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போனார். ஆனால் மற்றப் பக்கத்தால் வந்து கிண்ணியா ஒரு கோலைப் போட்டுவிட்டது. மாமாவின் முகம் இருண்டது.

இடைவேளைக்குப் பிறகு ஜோமார் கோட்டோரமாக ஓடினார், மூலைவரைக்கும் ஓடினார். "தம்பி!" என்று கத்திக்கொண்டு பந்தைத் தூக்கி அனுப்பினார். எங்கள் அணியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நானா மட்டும் எழும்பினார். பந்து அவர் நெற்றியில் பட்டு வலைக்குள் போனது. அதன் பிறகு மைதானத்தில் யார் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. "ஜப்பான், ஜப்பான்" என்று சனம் எழும்பி நின்றது. மாமாவும் தந்திரத்தை மறந்து அவரைத்தான் கை காட்டினார். ஜோமார் பந்தைக் கையில் எடுத்தார், சட்டையில் துடைத்தார், நடந்துபோய் நானாவின் கையில் கொடுத்தார். நானா அதை அடித்தார். வென்றோம்.

மாமாவின் தந்திரத்தைத் துறைமுகம் முழுக்கப் பேசியது. ஜோமார் அந்தப் பருவம் முடியும்வரை எங்கள் வீட்டில் இருந்தார், ஒரு கோலும் போடவில்லை, ஒருவரும் அதைக் கேட்கவுமில்லை. பிறகு புருணைக்குப் போனார், அங்கிருந்து லாவோஸ் என்று கேள்விப்பட்டோம்.

வென்ற அன்று பின்னேரம் நானாவும் கழகத்து ஆட்களும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அம்மா சூடை மீன் பொரித்திருந்தார். "பிள்ளை, அவரிட்டக் கேள், ஏன் பந்தைக் குடுத்தவர் எண்டு" என்றார் மாமா. கேட்டேன். ஜோமார் வாயிலிருந்த முள்ளை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார். நான் எழும்பி நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி மொழிபெயர்த்தேன்:

"நான் அடிச்சுத் தவறவிட்டா நாட்டுக்குப் போகவேணும். நானா அடிச்சுத் தவறவிட்டா வீட்டுக்குத்தானே போவார் எண்டு சொல்லுறார்."

மேசை அதிரச் சிரித்தார்கள். நானாதான் அதிகம் சிரித்தார். ஜோமாரும் சிரித்தார். என் மொழிபெயர்ப்புக்குக் கிடைத்த சிரிப்பு என்று நானும் பெருமையோடு சிரித்தேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பொரியல் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை, ஆனாலும் அப்பாவை அழைத்தார். "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்பது எனக்குக் கேட்டது. "என்ன கறி? ஆர் சமைச்சது?" பிறகு போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அங்க ஏதும் பிழை வந்தா உங்களையும் அனுப்பிப்போடுவாங்களோ?" என்றார்.

நான் பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினேன். கிண்ணியாவை வென்றதை அம்மா இன்னும் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய செய்தியை ஒருவரால் எப்படி மறக்க முடியும் என்று எனக்கு விளங்கவேயில்லை.