மாவுப் பாத்திரத்தில் கைப்பேசி

சேவல்கள் கூவுமுன் சினிவா கொசுவலைக்கு வெளியே சம்மணமிட்டு அமர்ந்து, கைப்பேசியில் சபைக் குழுவுக்கு அன்றைய வேத வசனத்தைத் தட்டிக்கொண்டிருப்பாள். அனுப்புமுன் கணவன் பிலிப்போவுக்கு வாசித்துக் காட்டுவாள். அவன் தூக்கத்திலேயே ஆமென் சொல்வான். அந்த ஆமெனை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

சுவரில்லாத சமோவா வீடுகள். தூண்களுக்கு நடுவே அவள் செய்வதெல்லாம் பக்கத்து வீட்டிலிருந்து எனக்குத் தெரியும். தேங்காய்ப்பால் ஊற்றிப் பன் சுட்டு விற்கிறாள். மாவு பிசையும்போதும் கைப்பேசி எதிரே நிற்கும். ஒட்டும் விரலை விட்டுவிட்டு விரல் முட்டியால் திரையைத் தள்ளுவாள். அப்படியும் திரையில் எப்போதும் காய்ந்த மாவு. வசனத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவர்களின் பெயர்கள் அவளுக்கு மனப்பாடம். அவர்கள் பன் வாங்க வந்தால், ஓரத்தில் கருகியது போகும்.

குழுவைத் தொடங்கியவளும் நடத்துபவளும் அவளே. சண்டை கூடாது, கேலிப்படம் கூடாது, வியாபாரம் கூடாது. அவளுடைய பன்னுக்கு மட்டும் விலக்கு. எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. மாலைச் சங்கு ஊதியதும் ஊரே வீட்டுக்குள் அமர்ந்து ஜெபிக்கிறது. மறுசங்கு ஊதுமுன் குழுவைத் தொட்டவர் குழுவில் இருக்க முடியாது. சமோவாவில் இதற்கு யார் மறுப்புச் சொல்வார்கள்?

பிறகு ஆக்லாந்திலிருந்து மாசினா வந்தாள், பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடந்த தாயைப் பார்த்துக்கொள்ள. அவள் தட்டுவதில்லை; ஜெபத்தைக் குரலாகவே அனுப்புவாள். உடனே இதயங்கள், அழுகைகள், தூரத்துப் பிள்ளைகளின் நன்றிகள். சினிவாவின் வசனத்துக்கு வெறும் கட்டைவிரல்கள்.

"கட்டவிரல காட்டுறாங்க, நான் என்ன பஸ்ஸா ஓட்டுறேன்?" என்றாள் என்னிடம். "மூக்க உறிஞ்சிக்கிட்டுப் பேசினா ஜெபமாயிடுமா? அப்ப சளி புடிச்சவங்க எல்லாம் பரிசுத்தவானுங்கதான்."

ஆனாலும் மாசினாவின் ஒவ்வொரு ஜெபத்தையும் கைப்பேசியைக் காதில் ஒட்டிவைத்து முழுதாகக் கேட்பாள். பொறாமைப்படுகிறவர் அளவுக்குக் கூர்ந்து கேட்பவர் யாருமில்லை.

சென்ற வாரம் ஜெப வேளையில் குழுவுக்கு மாசினாவின் குரல்பதிவு வந்தது. சினிவா மறுசங்கு வரை காத்திருந்து, அதைக் கேட்காமலே மாசினாவை நீக்கி, ஒழுங்கைப் பற்றி ஒரு வசனமும் போட்டாள். மறுநாள் அவள் சுட்ட பன் எதுவும் கருகவில்லை.

பதிவில் இருந்தது ஜெபமல்ல. வீட்டு ஜெபத்தில் எல்லோரும் பாட, பேச்சில்லாத அந்தத் தாய் கூடவே ஒரு வரி பாடியிருக்கிறாள். வெளிநாட்டிலிருக்கும் அக்காமார் உடனே கேட்கட்டும் என்று மாசினா சங்கை மறந்து அனுப்பிவிட்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் வீட்டு விருந்தில் பேச்சு அங்கே போனது. விதி விதிதான் என்றார் போதகர். ஆனால் அந்த நேரத்தில் அதைத் திறந்து பார்த்தவரும் குழுவைத் தொட்டவர்தானே, அவருக்கும் அதே தண்டனைதானே என்றார்.

"அனுப்பினவங்க போன்ல யார் எப்பப் பாத்தாங்கன்னு இருக்குமாமே. எடும்மா மாசினா."

சினிவாவின் விசிறி நின்றது. அந்த மாலை என் கண்களும் முழுக்க மூடியிருக்கவில்லை. ஜெபத்தின் நடுவே அவள் தொடைக்கடியில் வெளிச்சம் வந்ததும், தலை குனிந்ததும், விரல் முட்டி திரையைத் தள்ளியதும் எனக்குத் தெரியும். அவள் தொடங்கிய குழு, அவள் போட்ட விதி.

மாசினா கைப்பேசியைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு திரையை அணைத்தாள்.

"வெளிநாட்டு ஆளுங்கதான் ஐயா. அவங்களுக்கு ஏது சங்கு? ஊர்ல யாரும் பாக்கல."

பொய்தான். அதை நல்லது என்று சொல்ல எனக்கு இன்னும் நா எழவில்லை. கெட்டது என்றும் எழவில்லை. மாசினாவே எழுந்து சினிவாவின் தட்டில் சீமைப்பலாத் துண்டு ஒன்றை வைத்தாள்.

சினிவாவோடும் பிலிப்போவோடும் நானும் வீடு திரும்பினேன். தேவாலயத் திருப்பத்தில், "மன்னிக்கிறதுலயும் முந்திக்கிட்டா பாரு," என்றாள் சினிவா.

"அப்ப நன்றி சொல்றதுல நீ முந்திக்கோ," என்றான் பிலிப்போ.

"வாய மூடிட்டு நட."

பிற்பகலில் மாசினாவை ஒரு வார்த்தையும் எழுதாமல் குழுவில் மறுபடி சேர்த்தாள்.

மாலைச் சங்கு ஊதியது. சினிவா கைப்பேசியைத் தொடைக்கடியில் வைக்கவில்லை. காலி மாவுப் பாத்திரத்தில் போட்டு மூடி, பக்கத்தில் வைத்துக்கொண்டு பாட்டைத் தொடங்கினாள். இரண்டாம் அடியில் பாத்திரம் கிர்ரென்று அதிர்ந்தது. அவள் குரல் தாழவில்லை, கண் திறக்கவில்லை. வலது கை மட்டும் மெல்ல நகர்ந்து மூடிமேல் போய் அழுத்தியது. மறுசங்கு வரை அது அங்கேயே இருந்தது.