ஆடாத எஞ்சின்

என் மாமாவுக்கு மூன்று இடத்தில் பெண் பார்த்தும் அமையவில்லை. கள்ளக்குறிச்சியில் அவர் பம்ப்செட் மெக்கானிக். நகத்திலிருந்து டீசல் வாடை போகாது, அதையே காரணமாகச் சொல்லிவிட்டார்கள். ரோஷம் வந்த மாமா, கல்வராயன் மலையில் ஒரு தோட்டக்காரர் கோழி அடைத்து வைத்திருந்த பழைய பந்தயக் காரை வாங்கி வந்தார். அதில் இருந்ததே இரண்டு சீட்டுதான். நாலாவது பெண் வீட்டுக்கு அதில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

கார் கிளம்பியது. ஆனால் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் அடியில் தாங்குகிற மவுண்டிங் ரப்பர்கள் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தன. மாமா என்னையும் அழைத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார். கடைக்கார பாய் மெத்தென்று ஒன்றும், கொஞ்சம் கெட்டியாக ஒன்றும் எடுத்து வைத்தார். மாமா இரண்டையும் அமுக்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

“இன்னா பாய், இத வச்சா எஞ்சின் ஆடுமே?”

“ஆடணும்பா. அது ஆடுனாதான் வண்டி ஆடாது.”

மாமாவுக்கு இது ஏறவில்லை. பம்ப்செட் எஞ்சினைச் சிமெண்ட் கட்டையில் அசையாமல் முடுக்கிப் பழகியவர். ஆடுகிற எஞ்சின் அவருக்கு மானக்கேடு. ரப்பர் வரவேண்டிய இடத்திலெல்லாம் இரும்புத் தகட்டை வைத்து, ஸ்பானரில் தொங்கி முடுக்கினார்.

இட ஒதுக்கீடு கேட்டு, சாலையெங்கும் மரத்தை வெட்டிப் போட்டு மறியல் நடந்த காலம் அது. பஸ் கிடையாது. நாளைத் தள்ளிப் போடலாம் என்றாள் அம்மா. தள்ளினால் இந்தப் பெண்ணும் கைநழுவிவிடும் என்று மாமாவுக்குப் பயம். நான் அம்மா மடியில், பழத்தட்டு என் மடியில், தியாகதுருகத்துக்குக் கிளம்பினோம்.

எஞ்சின் ஆடவேயில்லை. மற்றதெல்லாம் ஆடியது. பழங்கள் ஒவ்வொன்றாகத் தட்டைவிட்டுக் குதித்தன. நான் ‘ஆ’ என்று கத்தினால் சத்தம் துண்டு துண்டாக வந்தது. அத்தனை சந்தோஷத்தை நான் அதுவரை கண்டதில்லை.

“டேய், நிறுத்துடா. பல்லு கொட்டிடும்போல கீது” என்றாள் அம்மா.

ஊர் எல்லையில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. மறியல்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மாமா விஷயத்தைச் சொன்னார்.

“பொண்ணு பாக்கவா? எஞ்சின ஆஃப் பண்ணு தம்பி. தூக்கி அந்தாண்ட வச்சிடறோம்.”

காரை அப்படியே தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். மறுபடி கிளப்ப அம்மா விடவில்லை. பெண் வீடு பக்கத்துத் தெருவில்தான், அதனால் அவர்களே தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இத்தனை பேரா என்று பெண் வீட்டில் மிரண்டுபோனார்கள். எல்லோருக்கும் மோர் கொடுத்து அனுப்பி, எங்களை உட்காரவைத்து, ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்த பிறகுதான் பெண் காபி கொண்டுவந்தாள்.

மாமா கையில் டம்ளர் கடகடவென்று ஆடியது. காபி வேட்டியில் கொட்டியது. பெண்ணின் அப்பா அந்தக் கையையே பார்த்தார். இதுவும் போச்சு என்று அம்மா முகம் செத்துவிட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை.

“எங்க மாமாவுக்கு ஒண்ணும் இல்லீங்க. ரப்பருக்குப் பதிலா இரும்பு வச்சிட்டாரு. அதான் இன்னும் ஆடுது.”

முதலில் சிரித்தது பெண்தான். அப்புறம் அவள் அப்பா. நாங்கள் எழுந்திருக்கும் முன்பே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

மாமா மறுநாளே பாயிடம் போய் மெத்தென்ற ரப்பரை வாங்கிப் பொருத்தினார். கல்யாணம் முடிந்து அத்தையை அந்தக் காரில்தான் வீட்டுக்கு அழைத்து வந்தார். அடம்பிடித்து அத்தை மடியில் ஏறியிருந்த எனக்குப் பெருத்த ஏமாற்றம். கார் எண்ணெயில் வழுக்குவதுபோலப் போனது, எதுவும் ஆடவில்லை. கியரைப் பிடித்திருந்த மாமாவின் கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

இந்த ரப்பரும் சரியில்லை என்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன்.