காத்தோங் பாணியில் ஒரு கீர்த்தனை

எங்கள் வீட்டில் சாக்ஸபோனை அதன் பெயரைச் சொல்லி யாரும் அழைத்ததில்லை. அப்பாவுக்கு அது ‘அந்தப் பித்தளை’. அம்மாவுக்கு ‘உங்க தம்பியோட குழாய்’. கேம்பல் லேனில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே, இரண்டே அறைகள் கொண்ட மாடியில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பி, அப்பாவின் தங்கை. ஆறாவதாகக் கட்டிலுக்கடியில் ஒரு கறுப்புப் பெட்டியில் அந்தப் பித்தளை குடியிருந்தது. வீட்டுக்குள் அது வாய் திறக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

சித்தப்பா பகலில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். சனிக்கிழமை மாலையானால் தலைக்கு எண்ணெய் வழியப் பூசி, கழுத்தில் பட்டாம்பூச்சி போன்ற டையைக் கட்டிக்கொண்டு, கேளிக்கைப் பூங்காவின் நடன அரங்கில் வாசிக்கப் போய்விடுவார். அது ஐம்பதுகளின் கடைசி. நகரம் முழுக்க எல்லாரும் ஆடிக்கொண்டிருந்ததாக அப்பா நினைத்தார். தன் தங்கையாவது உருப்படியாகக் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு ஓர் ஆறுதல்.

அந்த ஆறுதலுக்கு ஆபத்து எப்படி வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஒருநாள் அத்தை அம்மியில் அரைத்தபடியே சங்கராபரணத்தில் ஒரு சின்னக் கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருந்தாள். சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பிரஷ்ஷின் முதுகால் தரையைத் தட்டினார். நியாயமாகத் தட்ட வேண்டிய இடத்தில் தட்டவில்லை. நாம் விரலை மட்டும் மடக்கி எண்ணிக்கொள்வோமே, அந்த இரண்டாவது எண்ணிக்கையிலும் நாலாவது எண்ணிக்கையிலும் தட்டினார். அத்தை நிறுத்தவில்லை. பாட்டு கொஞ்சம் தள்ளாடியது. பிறகு இடுப்பை வளைத்து நடக்க ஆரம்பித்தது. முதல் எழுத்தை இழுத்து அடுத்த எழுத்தைச் சுருக்கி, இழுத்துச் சுருக்கி, அத்தை பல்லவியை முடித்தபோது அம்மியில் மிளகாய் பாதி அரைபட்டுக் கிடந்தது.

“அண்ணே, இன்னொரு தடவை அதே மாதிரித் தட்டுங்க” என்றாள்.

அதற்குப் பிறகு அத்தைக்கு நகரின் கிழக்கோரத்துக் காத்தோங் பிள்ளையார் மீது திடீர் பக்தி உண்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் பிற்பகலில் சித்தப்பா துணையோடு போய்வரத் தொடங்கினாள். நாலு பேர் கண்ணுக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். பொய் சொல்லக் கூடாது, கோயிலுக்கு உண்மையாகவே போனோம். மூன்று சுற்று சுற்ற வேண்டிய இடத்தில் ஓட்டமாக ஒரு சுற்று. பிறகு இரண்டு தெரு தள்ளி, சித்தப்பா வாசித்த குழுவின் தலைவரான டிரம்பெட்காரரின் வீடு. அவர் யுரேசியர், வெள்ளைக்காரரும் உள்ளூர்க்காரரும் கலந்த வம்சம். அவருடைய அம்மா ரவையில் செய்த சுஜி கேக் கொடுப்பார். நம்ம கேசரி சட்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கும்.

முன்கூடத்தில் பதினோரு ஆண்கள் ஆளுக்கொரு வாத்தியத்தோடு காத்திருப்பார்கள். நடுவில் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அத்தை. அவள் ஒரு வரியை ஸ்வரமாகப் பாடுவாள். சித்தப்பா அதைக் காகிதத்தில் ஐந்து கோட்டுக்குள் புள்ளிகளாக மாற்றுவார். அத்தை ஓரிடத்தில் குரலை அசைத்தால் எல்லாரும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிவார்கள். கமகத்தை எந்தக் கோட்டில் எழுதுவது? பிலிப்பினோ டிராம்போன்காரர் மட்டும் அந்த நீளக் குழாயை முன்னும் பின்னும் இழுத்துக் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டார். அத்தை வாய்விட்டுச் சிரித்ததை முதல்முறையாக நான் அங்கேதான் கேட்டேன். பெரிய பேஸ் வாத்தியத்தை வைத்திருந்த சீனப் பையனுக்கு நெற்றியில் வந்து விழும் முன்முடி. அவன் கம்பியை இழுத்து அறையும் ஒலியைக் கேட்டால் மிருதங்கத்துக்கே பொறாமை வரும். பாட்டு தாளத்தோடு தொடங்காமல் அரை எண்ணிக்கை தள்ளித் தொடங்கியதில் எல்லாருக்கும் பரம சந்தோஷம். அந்தத் தள்ளலை அவர்கள் இசைத்தட்டு வாங்கி, கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தார்கள். அத்தை அதைப் பாட்டு வாத்தியாரிடம் குட்டு வாங்கிப் பழகியிருந்தாள்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. இரண்டிலும் நாலிலும் கை தட்ட வேண்டும். அந்த வீட்டில் எல்லாரும் செருப்போடு உள்ளே நடந்தார்கள், நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டினார்கள். அது அவர்கள் வீட்டுச் சட்டம் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுச் சட்டம் வேறு. உட்கார்ந்தபடி காலாட்டினால் அம்மா தொடையில் கிள்ளுவாள். காலாட்டுகிற வீட்டில் லட்சுமி தங்க மாட்டாள் என்று அவளுக்கு உறுதியான நம்பிக்கை. பக்கத்து வீட்டு அக்காவைப் பெண் பார்க்க வந்த ஒருவர் காப்பி குடிக்கும்போது காலாட்டினார் என்பதை அம்மாவும் மற்ற பெண்களும் ஒரு வாரம் வைத்துப் பேசினார்கள். அடக்கம் இல்லாத பிள்ளை என்று முடிவாகி, அந்த இடம் தட்டிப்போனது.

அத்தைக்கு இருபத்திரண்டு முடிந்தபோது இரண்டு இடங்கள் வந்தன. ஒருவர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் கணக்கர். இன்னொருவர் தைப்பிங்கில் ரயில்வேயில் இருந்தார். பெற்றோர் இல்லாத தங்கை என்பதால் அப்பா பெருந்தன்மையாக ஒன்று சொன்னார். முதலில் செம்பவாங்காரர் வந்து பார்க்கட்டும், பிடித்தால் சரி, பிடிக்காவிட்டால் தைப்பிங்குக்குத் தலையாட்டிவிட வேண்டும், மூன்றாவது இடம் என்ற பேச்சே கூடாது. எனக்கு இதில் தீர்மானமான கருத்து இருந்தது. செம்பவாங் என்றால் பஸ்ஸில் போய்விடலாம், அங்கே கப்பல் பார்க்கலாம், வாரம் தவறாமல் அத்தையைப் பார்க்கலாம். தைப்பிங் என்றால் ரயிலில் போய் அழுதுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அவர்கள் வந்த நாளில் அத்தை என்னை ஜன்னலோரம் அழைத்துப் போனாள். தலை நிறையப் பூ இருந்ததால் கழுத்தைத் திருப்ப முடியாமல் பொம்மை மாதிரி நின்றாள்.

“குட்டி, நான் பாடுறப்ப தலை நிமிரக் கூடாது. அண்ணி கண்டிப்பா சொல்லிட்டாங்க. அதனால நீ எனக்காகப் பார்க்கணும். தரையில உட்காந்துக்க. முகத்தை எல்லாம் பார்க்காதே. மாப்பிள்ளை காலைப் பாரு. ஆடுதா இல்லையான்னு மட்டும் எனக்கு வந்து சொல்லு.”

ஏன் என்று கேட்க வாயெடுத்தபோது அம்மா பஜ்ஜித் தட்டோடு வந்துவிட்டாள். கேட்கவும் தேவையில்லை என்று தோன்றியது. காலாட்டுகிற ஆளா என்று அத்தைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே. இவ்வளவு பெரிய பொறுப்பை என்னிடம் கொடுத்தாளே என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

மாப்பிள்ளையை எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. மெலிந்த மனிதர். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்து, நீ எந்த வகுப்பு என்று கேட்டார். மூன்றாம் வகுப்பு என்றேன். மூன்றாம் வகுப்புக் கணக்குதான் இருப்பதிலேயே கஷ்டம் என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். இவரை விடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

அத்தை வந்து வணங்கி, பாயில் உட்கார்ந்தாள். பாடச் சொன்னார்கள். அந்தச் சங்கராபரணக் கீர்த்தனையையே எடுத்தாள். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டார். முதல் தடவை பல்லவி வாத்தியார் சொல்லிக்கொடுத்த மாதிரி நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு வந்தது. அப்பா பெருமையோடு சுற்றிலும் பார்த்தார். அனுபல்லவியில் அத்தை ஓர் எழுத்தை லேசாக இழுத்தாள். அடுத்ததைச் சுருக்கினாள். தெரியாதவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. சித்தப்பாவின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பிறகு இரண்டில் விழுந்தது. நாலில் விழுந்தது. அப்பாவின் முகம் மாறியது.

மாப்பிள்ளையின் முன்னால் துணி விரித்த டீப்பாய் ஒன்று இருந்தது. அதற்குக் கீழே அவர் கால் தரையில் இருந்த எனக்கு மட்டும்தான் தெரிந்தது. முதலில் வலது காலின் பெருவிரல் ஒருமுறை எழும்பிப் பார்த்தது. இரண்டில். அடுத்து நாலில். சரணம் வந்தபோது குதிகால் முழுவதுமாக எழும்பி இறங்கியது, ஒரு தடவைகூடத் தவறாமல், காத்தோங்கில் அந்தப் பதினோரு பேரின் கால்கள் ஆடுகிற அதே மாதிரி. ஐயோ, இவ்வளவு நல்ல மனிதர் இப்படிக் காலாட்டுகிறாரே என்று நினைத்தேன். அம்மா பார்த்துவிடக் கூடாதே என்று டீப்பாயின் துணியை மெல்லக் கீழே இழுத்துவிட்டேன்.

பாட்டு முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா, சங்கீதம் தெரிந்தவர் போலும், இது எந்தப் பாணி என்று கேட்டார். சித்தப்பா கண்ணைத் திறக்காமலே, “காத்தோங் பாணிங்கம்மா” என்றார். அந்த அம்மாள் பயபக்தியோடு தலையசைத்தார்.

அவர்கள் போன பிறகு, அத்தை என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டாள். பூவைக்கூட இன்னும் எடுத்திருக்கவில்லை.

“ஆடுச்சா?”

“இல்லவே இல்லை அத்தே. ரொம்ப அடக்கமா உட்காந்திருந்தாரு” என்றேன்.

மறுநாள் செம்பவாங்கிலிருந்து சம்மதம் என்று ஆள் வந்தது. அப்பா தங்கையைக் கேட்டார். வேண்டாம் என்று அவள் சொன்னதைக் கேட்டு வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம். எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம். என்ன குறை கண்டாய் என்று அம்மா துளைத்துத் துளைத்துக் கேட்டாள். அவருக்கும் எனக்கும் ஒத்துவராது என்பதற்கு மேல் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. தை மாதம் தைப்பிங்காரருக்குக் கல்யாணம் செய்துகொடுத்தார்கள். நான் நினைத்தபடியே ரயிலடியில் அழுதேன்.

அத்தை போனபின் அந்தக் குழுவுக்கு ஸ்வரம் சொல்ல ஆள் இல்லை. முடித்துவைத்த அந்த ஒரே கீர்த்தனையைச் சித்தப்பாவின் கூட்டம் ஒரு புத்தாண்டு நடனத்தில் வாசித்தது. எந்தக் கடவுளைப் பாடுகிறோம் என்று தெரியாமல் இருநூறு ஜோடிகள் ஆடியதாகச் சித்தப்பா சொன்னார். பிறகு அவர்கள் பழையபடி எல்லாரும் வாசிக்கிற பாட்டுகளையே வாசித்தார்கள். தைப்பிங் மாமா நல்லவர், அத்தையை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டால் அவருக்குத் தலை வலிக்கும். விடுமுறைக்குப் போனபோதெல்லாம் பார்த்தேன், அத்தை மௌனமாகவே அரைத்தாள்.

நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம், ஒருநாள் மழைக்கு ஒதுங்கி, கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதையில் நானும் சித்தப்பாவும் நின்றோம். எதிரே ஒரு கடையில் இசைத்தட்டு ஓடியது. சித்தப்பாவின் கால் தாளம் போட்டது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் தானாகப் பேச ஆரம்பித்தார்.

“செம்பவாங்காரங்க வந்த அன்னிக்கு உங்க அத்தை என்ன சொன்னா தெரியுமா? அண்ணே, கல்யாணத்துக்கு அப்புறமும் நான் பாடணும். வாயால நல்லா இருக்குன்னு யாரு வேணா சொல்லுவாங்க. கால் பொய் சொல்லாது. அந்தாளு கால் ஆடுச்சுன்னா கண்ணை மூடிக்கிட்டுச் சரின்னு சொல்லிடுவேன்னா. கடைசில ஆடவே இல்லையாம். மரம் மாதிரி உட்காந்திருந்தானாம், பாவம்.”

நான் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்துச் சொன்னது யார் என்று அத்தை அவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை போலிருக்கிறது, அல்லது அது அவளுக்கு முக்கியமாகவே தோன்றவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை. அத்தையிடம் சொல்லலாமா என்று தைப்பிங்குக்கு எத்தனையோ தடவை ரயில் ஏறி, சொல்லாமலே திரும்பியிருக்கிறேன். அவளுக்கு இப்போது பேரன்கள் இருக்கிறார்கள். இனிமேல் சொன்னால் எனக்குத்தான் மனசு லேசாகும், அவளுக்கு அல்ல.

பெண் பார்த்த அன்று சமையலறையில் அத்தை ஒருமுறை கேட்டதோடு விடவில்லை. அடக்கமாக உட்கார்ந்திருந்தார் என்று நான் சொன்னதும் என் முன்னால் குனிந்து, இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு குட்டி. கொஞ்சங்கூட ஆடலையா? ஒரு விரல்கூட?”

என்ன கறாரான பெண், ஒரு விரலைக்கூட விட்டுவைக்க மாட்டேன் என்கிறாளே என்று எனக்கு மாப்பிள்ளை மீது இரக்கம் பொங்கியது. பிள்ளையார் மேல் சத்தியமாக ஒரு விரல்கூட ஆடவில்லை என்று அடித்துச் சொன்னேன்.