ஃபுசகோ பார்த்த நீல வெளிச்சம்

குமமோட்டோவில் வேதியியல் கூடம் ஒன்றில் வேலை பார்த்த ஓகாத்தா ஃபுசகோ சுத்தத்துக்குப் பேர்போனவள். ஒரு கண்ணாடிக் குப்பியை மூன்று தரம் கழுவிவிட்டு நாலாவது தரமும் முகர்ந்து பார்க்கிற ரகம். சர்க்கரை சேர்ந்தால் நீலமாக ஒளிரும் மருந்துகளைக் கலக்குவதும், அந்த ஒளியைக் கருவியில் வைத்து அளப்பதும்தான் அவள் வேலை.

மகள் சிஹோவுக்குப் பன்னிரண்டு வயதில் சர்க்கரை நோய் வந்தபின் அது வெறும் சம்பள வேலையாக இல்லை. பெற்ற வயிறு கேட்குமா? பிள்ளை நித்தம் விரலைக் குத்திக்கொள்ளாமலே ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஒளி ஒன்று கிடைத்துவிடாதா என்று ஏங்கினாள்.

ஆனால் அந்த மருந்துகள் இருக்கிறதே, மகா ஓரவஞ்சனைக்காரிகள். பழச்சர்க்கரையைக் கண்டால் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். ரத்தத்தில் இருக்கிற குளுக்கோஸைக் கண்டால் ஏனோதானோவென்று மினுங்கும். குளுக்கோஸை மட்டும் கட்டிப்பிடிக்கட்டும் என்றே அந்த மார்கழிக் குளிரில் புதிதாக ஒன்றைச் செய்து முடித்தார்கள்.

புத்தாண்டுக்கு அங்கே கருவிக்கும் அதன் மூடிமேல் படையல் உண்டு. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மோச்சி என்கிற அரிசி உருண்டை, உச்சியில் இலையோடு ஓர் ஆரஞ்சு. ஜனவரி பதினொன்றில் படையலை எடுத்து, மோச்சியை உடைத்து, இனிப்புப் பயற்றங்கஞ்சியில் போட்டுக் குடிப்பார்கள். அன்று ஃபுசகோதான் எடுத்தாள். ஆரஞ்சு அடியில் அழுகியிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, புது மருந்தில் குளுக்கோஸைக் கலந்து கருவிக்குள் வைத்தாள்.

அடேயப்பா, அப்படி ஒளிர்ந்தது! பேராசிரியர் கை தட்டினார். ஃபுசகோ ஓடிப்போய் வீட்டுக்குப் போன் போட்டு, "சிஹோ, இனிமே நீ குத்திக்கவே வேண்டாம்டி" என்று அழுதாள்.

எதற்கும் இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்றார் பேராசிரியர். குப்பியைக் கழுவி, புதிதாகக் கலந்து மறுபடி வைத்தால் அதே பழைய மினுக்கல். கருவியின் மூடியைத் தடவிப் பார்த்தாள். விரல் பிசுபிசுத்தது. அழுகின ஆரஞ்சின் சாறு மூடி இடுக்கு வழியாகக் குப்பிக்குள் சொட்டியிருக்கிறது; மருந்து சிரித்தது அதிலிருந்த பழச்சர்க்கரையைப் பார்த்து.

டிராமில் வீடு திரும்பும்போது, தப்பான அளவைவிட அந்தப் போன்தான் அவளை அறுத்தது. ஆசை காட்டி மோசம் செய்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். சிஹோ சாப்பாட்டு மேசையில் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபுசகோ எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அழுகின ஆரஞ்சுக்கா அவ்வளவு அழுகை?" என்று சிஹோ சிரித்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "வெளிச்சம் வர்றப்ப வரட்டும்மா. நான் ஊசிய எடுத்தாலே நீ எழுந்து அடுப்படிக்குப் போயிடுற. அதான் எனக்குத் தாங்கல."

 ஃபுசகோ கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து மகளின் விரலைப் பிடித்தாள். முதல் தடவையாகத் தானே ஊசியை எடுத்துக் குத்தினாள்.

"ரொம்ப ஆழமாக் குத்திட்டம்மா" என்றாள் சிஹோ. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.