பாகூர் கொட்டகையில் படம் ஊமையான மாலை

1. எக்ஸைட்டர் பல்பு

முதல் ஆட்டத்தில் இரண்டாம் ரீல் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. படம் பளிச்சென்று இருந்தது, உதடுகள் அசைந்தன, வெளியே நின்ற ஜெனரேட்டரின் உறுமல் மட்டுமே கொட்டகைக்குள் கேட்டது.

நான் அப்போது பாகூரில் ஒரு டூரிங் டாக்கீஸின் மேனேஜர். பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பி.ஏ. முடித்து அரசு வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த என்னை, கல்லூரி நாடகங்களில் பிடித்த பைத்தியம் அந்தக் கூடாரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

கேபினுக்கு ஓடினேன். ஆபரேட்டர் தணிகாசலம் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எக்ஸைட்டர் பல்பு பூட்ச்சு சார். மாத்தினேன், ஸ்பேரும் பூட்ச்சு.”

இளையவர்களுக்காக விளக்குகிறேன். ஃபிலிமின் ஓரத்தில் ஒலி ஒரு கோடாகப் பதிந்திருக்கும். அதைப் படிக்க ஒளி தருவது ஒரு சிறு விளக்கு. அதுதான் எக்ஸைட்டர் பல்பு. அது போனால் படம் ஓடும், ஆனால் பேசாது. புதிய பல்புக்கு மறுநாள் காலையில் புதுச்சேரிக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும்.

ஒரு பல்பு போனதற்காக இவ்வளவு கலங்க வேண்டியதில்லை. ஆனால் முந்தைய படத்தில் ஃபிலிம் திரும்பத் திரும்ப அறுந்தபோது கூட்டம் பெஞ்சுகளை உடைத்துத் திரையைக் கிழித்துவிட்டது. கொம்யூன் என்கிற ஊராட்சியின் தலைவரான மேர், எங்கள் முதலாளி ரத்தினத்தை அழைத்து, “இன்னொரு கலாட்டா ஆச்சுன்னா பர்மிஷன் கெடையாது. கூடாரத்தப் பிரிச்சிக்கினு போய்க்கினே இரு” என்று எச்சரித்திருந்தார். அந்த மேர் அன்று முன்வரிசை நாற்காலியில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். கொட்டகை போனால் அதை நம்பிப் பிழைத்த எங்கள் அனைவருக்கும் வேலை போகும்.

தரை டிக்கெட்டிலிருந்து விசில் கிளம்பியது. “சவுண்டு! சவுண்டு! இன்னாடா ஆபரேட்டரு, தூங்கினியா?”

முதலாளி வியர்த்துப்போய் வந்தார். “லைட்டப் போடு. காசத் திருப்பிக் குடுத்து அனுப்பிடு.”

“அவ்வளவு பேரும் ஒரே வாசலில் முண்டினால் அதுவே கலாட்டா ஆகிவிடும்” என்றேன். பிறகு தணிகாசலத்திடம் கேட்டேன். “மைக் வேலை செய்யுதா?”

“மைக்குக்கு இன்னா கேடு? ரெக்கார்டு போடற ஆம்ப்ளிஃபயரு நல்லாத்தான் கீது.”

படத்தை நிறுத்தச் சொன்னேன்.

2. தடுப்பின்மேல் மைக்

ஆட்டம் தொடங்கும் முன் இசைத்தட்டுப் போடவும் விளம்பரம் சொல்லவும் வைத்திருந்த அதே மைக்கில் அறிவித்தேன்: “படம் பேசாது. படத்துக்காக நாங்கள் பேசப்போகிறோம். பிடிக்காதவர்கள் இடைவேளையில் காசை வாங்கிக்கொள்ளலாம்.” கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டம் பெஞ்சை உடைக்காது என்று அப்போதைக்கு நம்பினேன்.

கதாநாயகனுக்கு நான் பேசலாம். கதாநாயகியின் தந்தைக்கும் மற்ற ஆண்களுக்கும் கேட்கீப்பர் முனுசாமி இருந்தார். கோடையில் தெருக்கூத்தில் அரக்கன் வேடம் கட்டுபவர். கதாநாயகிக்கு யார்?

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் மளிகைக்கடை செண்பகம். எங்கள் போஸ்டரைக் கடையில் தொங்கவிடுவதற்காக அந்தக் குடும்பத்துக்குப் பாஸ் உண்டு. செண்பகமும் அவருடைய மாமியார் தனபாக்கியம் அம்மாளும் அந்தப் படத்தை நாள்தோறும் பார்த்தார்கள். மறுநாள் கடையில் புளி நிறுத்துக்கொண்டே செண்பகம் கதாநாயகியாக அழுது காட்டுவார். வாங்க வந்தவர்கள் நின்று பார்ப்பார்கள்.

ஆயினும் தயங்கினேன். படத்தில் காதல் வசனம் இருந்தது. வியாபாரக் குடும்பத்து மருமகள் ஒருவர், அந்நிய ஆடவனோடு சேர்ந்து மைக்கில் அதைப் பேசினால், மறுநாள் சந்தையில் என்ன பேசுவார்கள்? கொட்டகையைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண்ணின் பெயரைப் பணயம் வைக்க எனக்கு உரிமை கிடையாது.

கொட்டகையில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே மார்பளவு மண் தடுப்பு ஒன்று இருந்தது. மைக் ஒயரை இழுத்து அதன்மேல் வைக்கச் சொன்னேன். நான் இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து பேசலாம். அவர் அந்தப் பக்கம் பெண்கள் நடுவே உட்கார்ந்தபடி பேசலாம். அவர் முகம் ஆண்கள் பக்கம் தெரியாது. அதன் பிறகு தனபாக்கியம் அம்மாளிடம் போய்க் கேட்டேன். மருமகளிடம் நேரே கேட்கவில்லை.

“இவ கடையில பேசறத ஊரே கேக்குது. இங்க பேசினா நாக்கு தேஞ்சா பூடும்?” என்றார் அவர். “அது இருக்கட்டும் தம்பி. அந்தக் கொடுமக்கார மாமியா வர்றாளே, அவளுக்கு ஆரு பேசறது?”

“இன்னும் யோசிக்கவில்லை அம்மா.”

“நான் பேசறேன். எனக்கு ஒத்திகையெல்லாம் வேணாம்.”

“அதான் வூட்ல தெனம் நடக்குதே அத்த” என்றார் செண்பகம். பெண்கள் பக்கம் முழுவதும் கொல்லென்று சிரித்தது; அந்த அம்மாளும் சிரித்தார்.

விளக்குகள் அணைந்தன. ரீல் ஓடியது. செண்பகத்தின் முதல் வசனம் உதட்டுக்குப் பின்னால் ஓடியது, இரண்டாவது முந்திக்கொண்டது, மூன்றாவது பொருந்தியது. தனபாக்கியம் அம்மாள் வசனத்தைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. திரையில் மாமியாரின் வாய் திறந்திருக்கும் நேரமெல்லாம், தமக்குத் தோன்றியதைத் திட்டினார். “சோத்துக்குத் தண்டமா வந்து சேர்ந்தியேடி!” என்று அவர் கத்தியபோது, ஒரு கிழவர் எழுந்து நின்று, “பாவம் அந்தப் பொண்ணு, வுட்டுடும்மா!” என்று திரையை விட்டுத் தடுப்பைப் பார்த்துக் கெஞ்சினார்.

முனுசாமிதான் என்னைத் திகைக்கவைத்தவர். கதாநாயகியின் தந்தை மெலிந்த, பயந்த மனிதர். அவருக்கு முனுசாமி கூத்துக் குரலில், “அடேய்! என் மகளை ஆரடா தொட்டவன்!” என்று முழங்கினார். எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். கூட்டமோ கைதட்டியது. அத்தனை நாளும் கைகட்டி நின்ற அந்தத் தந்தை அன்றுதான் எதிர்த்துப் பேசினார். முகம் மாறவில்லை, நடிப்பு மாறவில்லை; குரல் மாறியதும் ஆளே மாறிவிட்டார். நான் பின்னாளில் எழுதிய பாத்திரங்களில் பாதிப் பேர் அந்த ஒரு கணத்தில் பிறந்தவர்கள்.

இடைவேளையில் காசு கேட்டு ஒருவரும் வரவில்லை.

3. மூன்றாவது சரணம்

இடைவேளைக்குப் பின் படத்தின் பெயர்பெற்ற பாட்டு. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவள் ஆற்றங்கரையில் பாடுவது. அதற்காகவே மறுபடி மறுபடி வந்தவர்கள் உண்டு. தணிகாசலம் இசைத்தட்டை எடுத்து வைத்து, அவள் தலையை உயர்த்தியதும் ஊசியை இறக்கினார். பல்லவி ஏறக்குறையப் பொருந்தியது. இரண்டு சரணங்கள் போயின. தட்டு முடிந்து கரகரவென்று சுற்றியது.

இசைத்தட்டில் இரண்டு சரணம்தான், படத்தில் மூன்று. இதை நாங்கள் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. திரையில் அவள் வாய் அசைந்தது. ஜெனரேட்டர்தான் கேட்டது. பின்வரிசையில் மீண்டும் ஒரு விசில். மேர் நாற்காலியில் திரும்பிப் பார்த்தார். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

தடுப்பின் அந்தப் பக்கத்திலிருந்து செண்பகம் பாடத் தொடங்கினார். சுருதி சற்று விலகியிருந்தது; அவர் நிறுத்தவில்லை. இரண்டாம் அடியில் தனபாக்கியம் அம்மாளின் தடித்த குரல் சேர்ந்தது. கொடுமைக்கார மாமியாரே துரத்தப்பட்டவளோடு சேர்ந்து பாடுகிறாள்! அடுத்த அடியில் பெண்கள் பக்கம் முழுவதும் பாடியது. பிறகு தரை, பெஞ்சு, நாற்காலி. முனுசாமி டிக்கெட் பெட்டியைத் தாளமாகத் தட்டினார். ஜெனரேட்டரின் உறுமல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. திரையில் ஒருத்தி தனியாக நடந்துபோனாள். அவளோடு ஊரே நடந்தது.

படம் முடிந்ததும் மேர் என்னிடம் வந்தார். “நாளைக்குப் பல்பு வாங்கப் போறீங்களா?”

“ஆமாம் ஐயா, காலையிலேயே.”

“அவசரமில்ல. என் சம்சாரம் நாளைக்கும் வர்றேங்குது. வாயிருக்கற மாதிரி ஒரு வேஷம் பாத்து வைங்க.” பர்மிஷனைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தக் கூடாரம் பாகூரைவிட்டு உடனே போகவில்லை.

அடுத்து வந்த பொங்கலுக்குக் கடைத்தெருப் பெண்கள் அதே கொட்டகையில் ஒரு நாடகம் போட்டார்கள். பெண் வேடங்களைப் பெண்களே கட்டினார்கள். செண்பகம் முகத்தை மறைக்காமல் மேடையில் நின்றார். அவருடைய கணவர் முன்வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் பேசியவர்களை அடக்கிக்கொண்டிருந்தார். நாடகம் நான் எழுதியது. முதல் வாசிப்பைக் கேட்ட தனபாக்கியம் அம்மாள், “இதுல மாமியாளே இல்லியே?” என்றார். இந்தக் கதைக்குத் தேவையில்லை என்று விளக்கினேன். “அப்ப கதைய மாத்து” என்றார். மாற்றினேன். நாடகம் மேம்பட்டது.

தொலைக்காட்சிக்கு எழுத வரும் இளையவர்கள், கற்பனையை எப்படி வளர்த்துக்கொள்வது என்று என்னைக் கேட்கிறார்கள். இன்று திரை உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒருநாள் அதன் ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு, அந்த முகங்களுக்கு நீங்களே பேசிப் பாருங்கள். பாட்டு வந்தால் பாடுங்கள். உங்களால் பேச முடியாத முகம் ஒன்று வரும்; அப்போது பக்கத்தில் இருப்பவரைப் பேசச் சொல்லிவிட்டு, காது கொடுத்துக் கேளுங்கள். நான் தொழில் கற்றது அப்படித்தான்.