கீபோர்டில் ஒட்டிய பொட்டு

எங்கள் சபையின் பழைய கீபோர்டு இப்போது என் வீட்டு மேசையில் இருக்கிறது. கறுப்பு நிறம், பாதி எழுத்துகள் தேய்ந்துபோனது. இடது பக்கக் கீழ்வரிசையில், கன்ட்ரோலுக்கும் ஆல்ட்டுக்கும் நடுவே நான்கு கட்டம் போட்ட விண்டோஸ் கீ இருக்குமே, அதன் மேல் வட்டமாக ஒரு பசைத் தழும்பு. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடும். நான் துடைக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு காலத்தில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று இருந்தது. ஆலயத்துக் கம்ப்யூட்டரில் பொட்டு எப்படி வந்தது என்று கேட்டால், ஒட்டியவள் என் மயினி, அதாவது என் அண்ணன் மனைவி.

ஆலயத்தில் பெரிய திரை வைத்த புதிதில் இன்ஜினியரிங் முடித்த ஒரு பையன்தான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டான். எல்லாவற்றுக்கும் மவுஸ்தான் அவனுக்கு. பாட்டு ஓடும்போது அந்த வெள்ளை அம்பு திரையெங்கும் திரியும். முன்வரிசைப் பெரியவர்கள் பாட்டை விட்டுவிட்டு அம்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு திருவிருந்து ஆராதனையில் அவன் எதையோ இழுக்கப்போய், சேலைத் தள்ளுபடி விளம்பரம் திரை நிறைய வந்து நின்றது. பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் சுற்றிச் சுற்றி வந்தாள். போதகர் கையில் அப்பத்தோடு நின்றார். அடுத்த கமிட்டியில் தீர்மானம் போட்டார்கள்: ஆராதனை நேரத்தில் திரையில் பாட்டும் வசனமும் தவிர வேறு எதுவும் வரக்கூடாது. பையனுக்கு ஓய்வு கொடுத்து மயினியைக் கூப்பிட்டார்கள்.

மயினிக்குச் சொந்த ஊர் இரணியல். கல்யாணத்துக்கு முன்பு நாகர்கோவிலில் ஒரு டேட்டா என்ட்ரி கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கே மவுஸ் பிடித்துப் பிடித்து வலது மணிக்கட்டு கெட்டுப்போனதால், கையை மவுஸ் பக்கமே கொண்டுபோகாமல் வேலை செய்யப் பழகியிருந்தாள். ஆலயத்தில் எங்கள் மேசையில் ஒரு திரை, சுவரில் பெரிய திரை. மேசைத் திரையில் பாட்டுக் கோப்பு, வேதாகமம், வெளிநாட்டில் இருக்கும் சபையாருக்கான நேரலை என்று மூன்று நான்கு விண்டோக்கள் திறந்திருக்கும். விண்டோஸ் கீயைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் ஒன்று இடது பாதிக்கும் இன்னொன்று வலது பாதிக்கும் ஒதுங்கும். கூடவே ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்தால் விண்டோ மேசையிலிருந்து சுவருக்குத் தாவிவிடும். சபைக்கு அம்பும் தெரியாது, அசைவும் தெரியாது. வேண்டிய வரி வேண்டிய நேரத்தில் வந்து நிற்கும்.

நான் வார நாட்களில் வங்கி குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மேசையில் மயினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பவன். அதனால் அவள் விரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த விண்டோவையும் நகர்த்துவதற்கு முன்னால் ஆல்ட்டையும் டேப்பையும் தட்டி, நகர வேண்டியதை முன்னால் கொண்டுவருவாள். ஒரு நொடி நிறுத்திப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் அமுக்குவாள். "தம்பி, முன்னால நிக்கது எதுவோ அதுதான் நவரும். அமுக்கதுக்கு முந்தி ஆரு நிக்காண்ணு பாக்கணும்" என்பாள். அவசரம் என்பதே கிடையாது. "என்னையும் இப்பிடித்தான் ஒரு ஓரமா ஒதுக்கி நிறுத்தியிருக்கா" என்று வீட்டில் என் அண்ணன் கிண்டல் செய்வான்.

திரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மேசைப் பக்கத்து விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டில் விரல் தப்பான கீயில் விழக்கூடாது என்றுதான் அந்தப் பொட்டு. எங்கள் சபையில் பொட்டு வைக்கும் வழக்கம் இல்லை, அதனால் வீட்டில் பொட்டு கிடையாது. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி ஒட்டினாள். அது சபைச் செயலாளர் கண்ணில் பட்டுவிட்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர். குனிந்து, கண்ணாடியை ஏற்றி, கீபோர்டை வெகுநேரம் பார்த்தார்.

"கோயில் சாமானத்துல பொட்டா மக்களே?" எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கீக்குத்தானே மாமா, எனக்க நெத்தியிலயா வச்சேன்?" என்றாள் மயினி.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நகத்தால் சுரண்டி எடுத்துக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு போனார். பசை மட்டும் போகவில்லை. அதில் தூசி ஒட்டிச் சொரசொரவென்று ஆனது. விரலுக்குப் பொட்டைவிட அது வசதியாக இருக்கிறது என்றாள் மயினி.

அந்த வருஷ மழைக்காலத்தில் தெக்குவீட்டு மாமி இறந்துபோனாள். எங்கள் வீட்டுக்குத் தெற்கே அடுத்த வீடு. மாமிக்கு ஒரே மகன், வளைகுடாவில் வேலை. விசா புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்த சமயம் என்பதால் அவரால் கிளம்ப முடியவில்லை. இரண்டு நாள் காத்துப் பார்த்தும் நடக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெட்டியை மூடுவதற்கு முன்பு தாயின் முகத்தில் துணியைப் போடுவது மகன். அதை மாமியின் தம்பி மகன் செய்வதென்று முடிவானது. அடக்க ஆராதனைக்கு முன்பு அந்த மகன், எங்களுக்குத் தெக்குவீட்டு அண்ணன், மயினியைப் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"லைவுல நான் பாப்பேன், அது வேற. அம்மைக்க மொகத்த மூடும்போ நான் அங்க நிக்கணும். நான் நிக்கேண்ணு நாலுபேரு பாக்கணும். மொவன் வரல்லண்ணு ஆரும் சொல்லப்பிடாது."

மயினி "பாக்கேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு செயலாளரிடம் போய்க் கேட்டாள். தீர்மானம் தீர்மானம்தான் என்றார் அவர். இன்றைக்கு ஒருவருக்குச் செய்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. மயினி வந்து உட்கார்ந்து, தெக்குவீட்டு அண்ணனின் வீடியோ காலைத் திறந்து மேசைத் திரையின் ஒரு மூலையில் வைத்தாள். அதற்கு அனுமதி வேண்டியதில்லை, அது சபைக்குத் தெரியாது. அண்ணன் தங்கும் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பின்னால் யாருடைய துணிகளோ கொடியில் தொங்கின.

கடைசிப் பாட்டு தொடங்கியது. தம்பி மகன் துணியை எடுத்துக்கொண்டு பெட்டியருகே வந்தான். பாட்டின் வரிகள் பெரிய திரையில் இருந்தன. மயினி ஆல்ட்டையும் டேப்பையும் தட்டினாள். ஒரு நொடி நிறுத்தினாள். பிறகு அவளுடைய இடது கை கீழே போனது, பசைத் தழும்பில் விரல் நின்றது. அடுத்த கணம் அண்ணனின் முகம் சுவரில் இருந்தது. அதோடு விடவில்லை. அவரை வலது பாதிக்கு ஒதுக்கினாள், பாட்டைப் பிடித்து இடது பாதிக்குக் கொண்டுவந்தாள். ஒரு வரிகூடக் கெடவில்லை. இடப்பக்கம் பாட்டு, வலப்பக்கம் அவர், இரண்டுக்கும் கீழே பெட்டியில் மாமி.

அண்ணன் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தார். அவர் குரல் என் ஹெட்ஃபோனில் மட்டும்தான் கேட்டது. ராகம் எங்கேயோ போயிற்று. நான் அந்த லைனைக் கொஞ்சம் ஏற்றி ஆலய ஸ்பீக்கரில் விட்டேன். சபை நிமிர்ந்து பார்த்தது. துணியோடு நின்ற பையன் திரையைப் பார்த்து, "அண்ணே, மூடட்டா?" என்று கேட்டான். அண்ணன் தலையசைத்தார். அவன் மூடினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மயினி அழவில்லை. அடுத்த சரணத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் கமிட்டியில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். "கை தவறிட்டு மாமா" என்றாள் மயினி, தரையைப் பார்த்துக்கொண்டு. செயலாளர் என்னைப் பார்த்தார். எனக்கும் கை தவறிவிட்டது என்றேன். அங்கே இருந்த யாருக்கும் அந்தக் கீக்களைப் பற்றித் தெரியாது. கை தவறுவதற்கு மூன்று கீக்களைச் சேர்த்து அமுக்க வேண்டும். தவறிய கை அதற்குமேல் பாட்டை ஒரு பக்கமும் ஆளை ஒரு பக்கமும் ஒழுங்காக நிறுத்திவைக்காது. செயலாளர் மட்டும் கொஞ்சம் யோசித்தார் என்று நினைக்கிறேன். பிறகு தீர்மான நோட்டைத் திறந்தார். மயினி கொஞ்சகாலம் ஓய்வெடுக்கட்டும் என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் கொஞ்சகாலம் அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டு மாற வேண்டிய இடங்களில் மடியில் விரலைத் தட்டிக்கொண்டிருப்பாள். திரையில் மறுபடியும் அம்பு திரிந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கியபோது அவர்களே வந்து கூப்பிட்டார்கள். எதுவுமே நடக்காததுபோல் மயினி போய் உட்கார்ந்தாள்.

போன வருஷம் செயலாளரின் மனைவி இறந்தார். மகள் கனடாவில் நிறைமாதம், விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அடக்க ஆராதனைக்குச் சற்று முன்பு, வெள்ளை வேட்டியோடு அவர் எங்கள் மேசைக்கு வந்தார். வழக்கமாகக் கையில் இருக்கும் ஃபைல் இல்லை. எதற்கு வந்தார் என்று எங்களுக்குப் புரிவதற்கே நேரம் பிடித்தது. மேசைத் திரையின் மூலையில் மகளின் வீடியோ கால் ஏற்கனவே திறந்திருந்தது. மயினி கேட்காமலே திறந்து வைத்திருந்தாள். அவர் அதையே பார்த்தார். பிறகு கீபோர்டைப் பார்த்தார்.

"அண்ணைக்குத் தவறினது போல இண்ணைக்கும் ஒருக்கா கை தவறுமா, மக்களே?"

மயினி எழுந்து நின்றாள். "தவறும் மாமா. நீங்க முன்னால போயி நில்லுங்க" என்றாள்.

இப்போது வெளிநாட்டில் இருப்பவர்கள் திரையின் வலது பாதியில் நிற்பது எங்கள் சபையில் சாதாரண வழக்கமாகிவிட்டது. அந்தப் பழைய தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவுமில்லை, நினைவுபடுத்தவுமில்லை. புதிய கம்ப்யூட்டர் வந்ததும் பழைய கீபோர்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். புதியதிலும் அதே கீயில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கிறது. செயலாளர் ஒவ்வொரு ஞாயிறும் அந்த மேசையைக் கடந்துதான் போகிறார்.