நரிச்சீர்க் குகை

அருமனைப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஞானதாசன் பால் வெட்டுகிறார். ரப்பர் ஷீட்டுகளைப் புகையிட்டு உலர்த்தும் கொட்டகையை ஒட்டிய அறைதான் வீடு. அக்காமார் எல்லாரையும் கட்டிக்கொடுத்து முடித்தபோது அவருக்குப் பெண் பார்க்க ஆளில்லாமல் போயிற்று. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை; கேட்கவும் ஆள் இல்லை.

விடியலில் வெட்டு. வெயில் ஏறுமுன் சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட் அடித்துப் போட்டால் பகல் முழுக்க ஓய்வு. அப்போது தோட்டத்தின் மேல்கோடியில் இருக்கும் பாறைக் குகைக்குப் போய்விடுவார். உள்ளே எப்போதும் குளிர்ச்சி. கூரையில் நரிச்சீர்கள் தொங்கும். கட்டைவிரல் அளவு உடம்பு, மடங்கிய காது. முதலில் அவர் தலையைக் கண்டதும் எல்லாம் கலைந்து பறந்தன. சில வருடங்களில் அந்தக் கலவரம் நின்றது; உள் இருட்டிலிருந்து கீச்சொலி மட்டும் கேட்கும். அவை தன்னைப் பழகிக்கொண்டன என்று அவர் நினைத்தார். தன்னை அப்படிப் பழகிக்கொண்ட வேறு உயிர் இல்லை என்பதால், அந்த நினைப்பு அவருக்குப் பெரிதாக இருந்தது.

போன வருடம் நாகர்கோவில் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி செய்யும் அபினா என்ற பெண் வந்தாள்.

“மாமா, இங்க வவ்வால் அடையுற குகை உண்டுமா?”

“வவ்வாலா? இங்க இல்ல மக்களே.”

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வவ்வால் என்றால் மரத்தில் தொங்கிப் பழம் தின்னும் பெரியது. குகையில் பூச்சி பிடித்துத் தின்னும் சிறியது நரிச்சீர். அதை அவள் கேட்கவில்லை. அவருடைய போனில் தன் எண்ணைப் பதிந்துகொடுத்துவிட்டுப் போனாள்.

இந்த வருடம் தோட்ட முதலாளி ஆன்ட்ரூஸ் குகையைப் பார்க்க வந்தார். மகனுக்கு வேலை கிடைத்தால் மாதா சொரூபம் வைக்கக் குகை வடிவில் ஒரு கெபி கட்டுவதாக நேர்ந்திருந்தார், வேலை கிடைத்துவிட்டது. குகையே கெபி மாதிரி இருப்பதால் உள்ளே சிமெண்ட் பூசி விளக்குப் போட்டால் போதும் என்றார்.

“உள்ள நரிச்சீர் கெடக்கு முதலாளி.”

“கெடந்தா என்னவேய்? வாடக தருதா? புகை போடும், ஓடிரும். அது ஒமக்குத் தெரிஞ்ச சோலிதான?”

ஞானதாசன் இரண்டு நாள் விறகு ஈரம் என்று சொல்லிக் கடத்தினார். பிறகு அபினாவைக் கூப்பிட்டார்.

“மக்களே, வவ்வால் இல்ல. நரிச்சீர் கெடக்கு. அதயெல்லாம் யாராவது பாப்பாவளா?”

“மாமா, நான் தேடி வந்ததே அதத்தான்.”

“நீங்க வவ்வாலுன்னுல்லா கேட்டிய.”

மறுநாளே வந்தாள். அந்தியில் வாசலுக்கு வெளியே ஒலி பதியும் ஒரு கருவியுடன் உட்கார்ந்தாள். அடுத்த நாள் பகலில் சிவப்பு விளக்குடன் உள்ளே போய்ச் சீக்கிரமே திரும்பினாள். இலைமூக்கு வவ்வால் வகையில் ஒன்று, இதன் வாழ்க்கையை யாரும் சரியாகப் பார்த்ததில்லை, இப்போது குட்டிகளோடு இருக்கிறது என்று ஆன்ட்ரூஸிடம் சொன்னாள். முதல் இரண்டும் அவரை அசைக்கவில்லை.

“குட்டி கெடக்கா?” என்றார். “குட்டியும் தள்ளையுமா புகைபோட்டு வெரட்டிட்டு அங்கயா மாதாவ வைக்க? வேண்டாம். ரோட்டோரத்துலயே கெட்டிக்கிடுவோம்.”

ஞானதாசன் முகம் தெளிந்தது. அபினா அவரிடம் தனியாகச் சொன்னாள்: “இனி ஆளு உள்ள போகக்கூடாது மாமா.”

“நான் போனா ஒண்ணும் செய்யாது பிள்ள. எனக்க கூடப் பழகினதாக்கும்.”

அவள் சொல்லத் தயங்கினாள். “பழகல்ல மாமா. நீங்க வந்து இருக்குற முன்பக்கம் பழைய எச்சம் மட்டும்தான் கெடக்கு. கூட்டமெல்லாம் கடைசியில உள்ள இடுக்குக்குத் தள்ளிப் போயிருக்கு. அதுக்கும் உள்ள போக எடமில்ல. இன்னும் தொந்தரவு வந்தா குட்டிய விட்டுட்டுப் போயிரும்.”

அவர் தலையாட்டினார். சாயங்காலம் அவரே முள்வெட்டி வந்து, பறப்பதற்கு இடம் விட்டு, குகை வாசலை ஆள் நுழைகிற உயரத்துக்கு மட்டும் அடைத்தார்.

மறுநாள் ஷீட் அடித்து, குளித்து, துண்டைத் தோளில் போட்டு மேட்டில் பாதிதூரம் ஏறிவிட்டார். நின்றார். இறங்கி அருமனைக்கு நடந்தார்.

டீக்கடை ரத்தினம் ஏற இறங்கப் பார்த்தார். “என்னவேய், பகல்ல வந்திருக்கீரு? வெட்டு இல்லியா?”

“உண்டு. முடிஞ்சு.”

“பின்ன சோலி எதாவது?”

“சோலி ஒண்ணும் இல்ல.”

ரத்தினம் பெஞ்சைத் துடைத்தார். “இரியும்.”

ஞானதாசன் அதன் ஓரத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாதபடி உட்கார்ந்தார்.